துரு வந்த பிறகு என்ன?

அமெரிக்காவில் ஒருவர் தனக்கென்று ஒரு 1911 கைத்துப்பாக்கியைச் சொல்லிச் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு பல ஆயிரம் டாலர். பேர்பெற்ற கன்ஸ்மித் என்றால் காத்திருப்பு மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில். எந்த பேரல், எந்த சைட், பிடியில் போடும் செக்கரிங் அங்குலத்துக்கு 20 கோடா 30 கோடா என்றெல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: மேலே என்ன ஃபினிஷ்? கேள்வியோடு கூடவே ஒரு அட்டவணையும் வரும். இடப்பக்கம் பெயர்கள்: புளூயிங், பார்க்கரைஸிங், ஹார்டு குரோம், நிக்கல், நைட்ரைடிங், டிஎல்சி, செராமிக் பூச்சு. வலப்பக்கம் எண்கள்: உப்புத்தூவல் சோதனையில் இத்தனை மணி நேரம், கடினம் இவ்வளவு. பெரிய எண் உசத்தி, சின்ன எண் மட்டம். அவ்வளவுதான்.

இந்தக் குறிப்பு அந்த அட்டவணையைப் பற்றியது. எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக எடுத்த எண்களாகவே இருக்கட்டும். என் புகார் வேறு. முதல் துருப்புள்ளி தெரியும்வரை எவ்வளவு நேரம் ஆகும் என்பதோடு அட்டவணை நின்றுவிடுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் வாழப்போவது அதற்குப் பிறகான காலத்தில். உறையில் உரசி ஒரு மூலை வெளுத்த பிறகு, தரையில் விழுந்து ஒரு கீறல் பட்ட பிறகு, அந்தப் பூச்சு என்ன செய்யும்? சும்மா நிற்குமா, அடியில் இருக்கும் இரும்பைக் காப்பாற்றுமா, இல்லை அதைத் தின்ன உதவுமா? ஒவ்வொரு பூச்சும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலுக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது.

துப்பாக்கி மேல் எனக்குப் பெரிய மோகம் ஒன்றும் இல்லை. ஆனால் உலோகம் எப்படிக் கெடுகிறது என்று படிக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது கஷ்டம். உள்ளங்கை அகல இரும்பு. அதன் ஒரு பக்கம் நாள் முழுக்க இடுப்பு வியர்வை, மறுபக்கம் உறையின் உரசல், உள்ளே வெடிமருந்துக் கரி, துடைக்கும்போது கரைப்பான், பிறகு அலமாரியில் மாதக்கணக்கில் ஓய்வு. பாலமும் கப்பலும்கூட இத்தனையையும் இவ்வளவு நெருக்கத்தில் சந்திப்பதில்லை. அதோடு இங்கே எடுக்கும் முடிவைச் சுலபமாகத் திருப்ப முடியாது. மறுபடி பூசுவதென்றால் பழையதை உரிக்க வேண்டும், சாணை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகமும், விளிம்புகளின் கூர்மையும், பொறித்த எழுத்துகளின் ஆழமும் போய்விடும்.

1911 பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது, பெயரும் அதனால்தான். கீழே ஃபிரேம், மேலே ஸ்லைடு. ஸ்லைடு ஃபிரேமின் மேல் தண்டவாளத்தில் ஓடுவதுபோல முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். பழைய வடிவத்தில் எல்லாமே கார்பன் ஸ்டீல். நூறு வருஷம் தாண்டியும் கையால் இழைத்துப் பொருத்துகிற பட்டறைக்காரர்கள் இந்த வடிவத்தை விடவில்லை.

சரி, அந்த 'மணி நேரம்' எங்கிருந்து வருகிறது? ஏஎஸ்டிஎம் பி117 என்ற சோதனையிலிருந்து. 1939-ல் முதலில் வெளியான தரநிர்ணயம். மூடிய பெட்டி, உள்ளே 35 டிகிரி செல்சியஸ், 5 சதவீத உப்புக்கரைசலை நிறுத்தாமல் மூடுபனி போலத் தூவிக்கொண்டே இருப்பார்கள். (கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான்.) துரு எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மலிவான, எங்கேயும் ஒரே மாதிரி செய்யக்கூடிய சோதனை. ஒரு முலாம் பட்டறை இன்றைக்குப் போட்டதும் போன மாதம் போட்டதும் ஒரே தரமா என்று பார்க்க நல்ல கருவி. ஆனால் இந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு இயற்கைச் சூழலில் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொன்னால் அது ஒத்துப்போவது அரிது என்று அந்தத் தரநிர்ணய ஆவணமே எச்சரிக்கிறது. அட்டவணை போடுகிறவர்கள் அந்த வரியை மட்டும் எடுத்துப் போடுவதில்லை.

ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு நம் ஊர் உதாரணமே போதும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகரக் கூரை பல வருஷம் வெயிலும் மழையும் தாங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் ஒரு கார்பனேட் படலம் உருவாகும், அதுதான் காவல். உப்புத்தூவல் பெட்டிக்குள் காய்வதற்கு நேரமே கிடையாது, அந்தப் படலம் சரியாகக் கட்டுவதில்லை. வெளியே வருஷக்கணக்கில் நின்ற தகரம் உள்ளே சில வாரங்களில் தோற்றுவிடும். அதே பெட்டிக்குள் கனமான பெயின்ட் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அங்கே அதைச் சுரண்ட ஒருவரும் இல்லை, வெயிலும் இல்லை. பெட்டியில் ஜெயித்தவரும் வெளியே ஜெயித்தவரும் ஒருவரல்ல.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் கடலோர நிலையம் வைத்து, உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போட்டுப் பார்ப்பது இதனால்தான். பெட்டி அவசரத்துக்குச் சரி. கடல்காற்றுக்குப் பதிலாகாது.

துப்பாக்கி விஷயத்தில் பெட்டி இன்னும் தூரம் விலகி நிற்கிறது. மனித வியர்வை வெறும் உப்புத்தண்ணீர் இல்லை. லாக்டிக் அமிலம் இருக்கிறது, பெரும்பாலும் கொஞ்சம் புளிப்பு. ஆளுக்கு ஆள் மாறும் வேறு. சிலர் தொட்ட இரும்பில் மறுநாளே கைரேகை வடிவத்தில் துரு எழுந்துவிடும். அமெரிக்க மெஷின் ஷாப்புகளில் அப்படிப்பட்டவர்களுக்கு 'ரஸ்டர்' என்று பெயரே உண்டு. அதைவிட முக்கியம் உரசல். பெட்டிக்குள் உரசல் கிடையாது. உரசலைச் சோதிக்கும் கருவியில் உப்பு கிடையாது. இடுப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன: உறையிலிருந்து எடுக்கும்போது காவல் படலம் கொஞ்சம் கிழிகிறது, கிழிந்த இடத்தில் வியர்வை வேலை செய்கிறது, எழுந்த துரு அடுத்த தடவை எமரித் தூளாகி இன்னும் கொஞ்சம் கிழிக்கிறது. இரண்டு சேதத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் வருவதைவிட உண்மையான சேதம் அதிகமாக இருக்கும். அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். ஒன்றையொன்று தெரியாத அண்டை வீட்டுக்காரர்கள்.

இனி பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒரே அளவு இடம் எல்லாவற்றுக்கும் கொடுக்கப்போவதில்லை.

அட்டவணையில் எப்போதும் கடைசி இடம் புளூயிங்குக்கு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரியில் கொதிக்கவிட்டு ஸ்டீலை உள்ளே போட்டால், மேற்பரப்பே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறும். தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். தலைமுடியோடு ஒப்பிட்டால் எழுபதில் ஒரு பங்கு. எண்ணெய் இல்லாமல் பெட்டிக்குள் போட்டால் அன்றைக்கே துரு. உண்மைதான். ஆனால் மக்கள் புளூயிங் என்று நினைத்து ரசிப்பது பெரும்பாலும் புளூயிங்கை அல்ல, அதன் அடியில் இருக்கும் பாலிஷை. 1955-ல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரின் 'ராயல் புளூ' இன்றும் பேசப்படுகிறதே, அந்த ஆழமான கருநீலம் கரைசலிலிருந்து வந்ததில்லை. படிப்படியாக மென்மையாகும் சாணைகளில் கைதேர்ந்த ஆட்கள் இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கிய ஸ்டீல் அது. ஒரு மைக்ரான் ஆக்சைடு அதன்மேல் போட்ட மெல்லிய திரை. வழவழப்பான பரப்பில் ஈரம் தங்கப் பள்ளம் குறைவு, எண்ணெயில் துடைக்கவும் சுலபம். மணலடித்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் போட்ட அதே புளூயிங் அதைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். அட்டவணை இரண்டையும் 'புளூயிங்' என்ற ஒரே வரியில் போட்டு ஒரே எண் கொடுக்கிறது.

புளூயிங் தோற்றால் என்ன ஆகும்? தேய்ந்த இடம் வெள்ளை எஃகாகத் தெரியும். துரு வந்தால் மேலே, கண்ணுக்கு எதிரே வரும். எண்ணெயும் மெல்லிய ஸ்டீல் கம்பளியும் வைத்துத் தேய்த்தால் போகும். மறைத்து வைத்துக் கழுத்தறுக்கிற வேலை அதற்குத் தெரியாது. வாரம் ஒருமுறை துடைக்கிற ஆளிடம் இருந்தால் மூன்று தலைமுறை தாண்டும். துடைக்காத ஆளிடம் ஒரு கோடைக்காலம் தாண்டாது. இந்தக் குடும்பத்திலேயே மூத்தது ரஸ்ட் புளூயிங். வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டு அந்தத் துருவைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றி, கம்பித் தூரிகையால் உதிரியைத் துடைத்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து... இப்படிப் பல சுற்று. நாட்கணக்கில் உழைப்பு. துருவை வைத்தே துருவைக் கட்டுவது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் இடுப்பில் வியர்வையோடு கிடக்கப்போகிற துப்பாக்கிக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பார்க்கரைஸிங்குக்கு விளக்கம் தேவையே இல்லை, இரும்புத் தோசைக்கல் பழக்கியவர்களுக்கு. இங்கிலாந்தில் காஸ்லெட் 1906-ல் காப்புரிமை வாங்கிய பாஸ்பேட் முறையின் வழியில் வந்தது. 1915-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய பார்க்கர் ரஸ்ட்-புரூஃப் கம்பெனியிடமிருந்து பெயர். மேற்பரப்பில் மாங்கனீஸ் அல்லது துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் முளைக்கும். அந்தப் படிகங்கள் தனியாகப் பெரிய காவல் இல்லை. நுண்ணிய துளைகள் நிறைந்தவை, எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 1911கள் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் போயின. வேகம், மலிவு, பளபளக்காது. தேய்ந்தாலும் பக்கத்துப் படிகங்களில் இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கசிந்து வரும். அழகில்லாதது என்று கஸ்டம் துப்பாக்கிக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வேலைக்காரக் கருவிக்கு வேலைக்காரச் சட்டை.

இப்போது அட்டவணையின் இரண்டாவது மாயத்துக்கு வருவோம்: கடினம். ஹார்டு குரோமின் கடினம் விக்கர்ஸ் அளவில் 850 முதல் 1000 வரை. டிஎல்சி என்கிற வைரம் போன்ற கார்பன் படலம் 2000-ஐத் தாண்டும். கேட்டவுடன் 'அப்போ இதுதான்' என்று தோன்றும். ஆனால் டிஎல்சியின் தடிமன் இரண்டு மூன்று மைக்ரான். அடியில் இருக்கும் ஸ்டீல் மிருதுவாக இருந்தால், அது மெத்தைமேல் விரித்த கண்ணாடி மாதிரி. தேய்ப்பதற்கு அசையாது. ஒரு இடி விழுந்தால் மெத்தை அமுங்கும், கண்ணாடி உடையும். அவ்வளவு மெல்லிய படலத்தில் ஊசித்துளைகளும் இருக்கும். உப்புத்தண்ணீருக்கு ஊசித்துளை போதும். டிஎல்சி அருமையான உரசல் காவல். துருக்காவலை அதற்கு அடியில் இருக்கும் உலோகம்தான் செய்ய வேண்டும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பெரும்பாலும் துருப்பிடிக்காத ஸ்டீல் மேல் போடுகிறார்கள்.

நிக்கல் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். மின்சாரம் இல்லாமல் ரசாயன முறையில் நிக்கல் படியவைக்கும் முறையை 1946-ல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயக் கழகத்தில் பிரென்னரும் ரிடெல்லும் கண்டுபிடித்தார்கள். மூலை முடுக்கெல்லாம் ஒரே தடிமனில் படியும். துப்பாக்கி போன்ற சிக்கலான வடிவத்துக்கு அது பெரிய வரம். முழுசாக இருக்கும்வரை நல்ல காவல். ஆனால் நிக்கல் இரும்பைவிட 'உயர்குலம்'. மின்வேதியியலில் இதற்கு விளைவு உண்டு. ஜிஐ வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலில் கீறல் விழுந்தால் நேர்மாறு: நிக்கல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும், கீறலில் தெரியும் துளியூண்டு இரும்பு கரையும். பெரிய நிக்கல் பரப்பின் பாரம் முழுவதும் அந்தச் சின்னப் புள்ளியில் விழுவதால், பூச்சே இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் மேலோட்டமான துருவைவிட ஆழமான குழி விழும். பழைய சைக்கிள் ரிம்மில் பளபளப்புக்கு நடுவே புள்ளிப் புள்ளியாகச் சிவப்பு வெடித்திருக்குமே, அதே கதைதான்.

ஹார்டு குரோமிலும் இயற்கையாகவே முடியிழையைவிட மெல்லிய விரிசல்கள் இருக்கும். படியும்போதே உள்ளிழுப்பில் வெடிப்பவை. துப்பாக்கிக்குப் போடும் சில மைக்ரான் தடிமனில் அந்த விரிசல்கள் அடிவரை போக வாய்ப்பு உண்டு. ஆகவே குரோம் போட்ட கார்பன் ஸ்டீல் துப்பாக்கிக்கும் எண்ணெய் வேண்டும். 'குரோம் போட்டாச்சு, இனி துடைக்கவே வேண்டாம்' என்பது விற்பனைப் பேச்சு. ஆனால் உரசலில் குரோமை அடித்துக்கொள்ள ஆள் குறைவு, உரிந்து வருவதும் அபூர்வம். உறையில் நாளைக்கு நூறு தடவை போட்டு எடுக்கிற போட்டியாளர்களுக்கு இது பல வருஷம் முதல் தேர்வாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

நைட்ரைடிங்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதுதான் உண்மையில் பூச்சு அல்ல. டெனிஃபர், மெலோனைட் என்ற வணிகப் பெயர்களில் வருவது. சுமார் 580 டிகிரியில் உருகிய உப்புக் குளியலில் ஸ்டீலை வைத்தால் நைட்ரஜனும் கார்பனும் மேற்பரப்புக்குள் புகும். பத்து இருபது மைக்ரானுக்கு இரும்பு நைட்ரைடு அடுக்கு, அதற்கும் கீழே நைட்ரஜன் ஊறிய பகுதி. மேலே ஒட்டியது எதுவும் இல்லை, ஆகவே உரிவதற்கும் எதுவும் இல்லை. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட கிளாக் 17 இதைப் பிரபலமாக்கியது. அதிலிருந்து ஒரு தவறான பேச்சும் பரவியது: ஸ்லைடின் கறுப்பு நிறமே டெனிஃபர் என்று. கறுப்பு அதன்மேல் போட்ட வேறு பூச்சு. உறையில் உரசி அந்தக் கறுப்பு போய் ஸ்லைடின் முனை வெளுத்தாலும், வெளுத்த இடத்தில் நைட்ரைடு அடுக்கு அப்படியே இருக்கும். பார்க்கத் தோற்ற மாதிரி இருக்கும், வேலையில் தோற்றிருக்காது. என் கேள்விக்கு மற்றவற்றைவிட நல்ல பதில் வைத்திருப்பது இதுதான்.

ஆனால் விலை உண்டு. 580 டிகிரி என்பது சும்மா இல்லை. ஒரு ஸ்லைடு அதற்குக் குறைவான சூட்டில் டெம்பர் செய்யப்பட்டிருந்தால், குளியலுக்குப் பிறகு மேலே கடினம் கூடும், உள்ளே குறையும். தொழிற்சாலை முதலிலிருந்தே இதைக் கணக்கில் வைத்து ஸ்டீலைத் தேர்ந்தெடுக்கலாம். யாரோ எப்போதோ செய்த பழைய ஸ்லைடைக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு அதன் டெம்பர் வரலாறு தெரியாது. அப்புறம், இது திரும்பாத பாதை. நைட்ரைடு ஏறிய ஸ்லைடில் பிறகு புது சைட்டுக்குக் காடி வெட்ட வேண்டும் என்றால் பட்டறைக்காரர் முகம் சுளிப்பார்; சாதாரண அரம் அதன்மேல் வழுக்கும்.

செராமிக் பூச்சு என்று விற்கப்படுவதை நான் பெயின்ட் என்றே சொல்வேன். மட்டம் தட்டுவதற்காக இல்லை. பாலிமருக்குள் செராமிக் துகள் கலந்து, அலுமினியம் ஆக்சைடு மணலால் அடித்த பரப்பில் தெளித்து, சுமார் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து இறுக்கும் நல்ல தரமான பெயின்ட். சுமார் 25 மைக்ரான் தடிமன் இருப்பதால் உப்புத்தூவல் பெட்டியில் பெரிய பெரிய எண்களை எடுக்கிறது. எந்த நிறமும் கிடைக்கும், தேய்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், விலை குறைவு. முனைகளில் தேய்வதும் ஒன்றும் பெரிய குற்றமில்லை, கண்ணுக்குத் தெரியும். கவனிக்க வேண்டியது வேறு: ஒரு கீறலின் ஓரமாக ஈரம் படலத்துக்கு அடியில் நுழைந்தால், துரு மேலே வராமல் பக்கவாட்டில் ஊர்ந்து போகும். மேலே நிறம் அப்படியே இருக்கும். ஒருநாள் ஒரு கொப்புளம் தெரியும்போது அடியில் குழி விழுந்து பல நாளாகியிருக்கும்.

தடிமன் என்றதும் ஒரு கணக்கு. கஸ்டம் 1911-ன் பெருமையே ஸ்லைடும் ஃபிரேமும் ஆடாமல் பொருந்துவது. கைதேர்ந்த பொருத்தத்தில் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும், அதாவது 25 மைக்ரான். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் எதிரெதிரே இரண்டு பரப்பு. நான்கிலும் 25 மைக்ரான் பெயின்ட் ஏறினால் மொத்தம் 100 மைக்ரான். போக இடமே கிடையாது. எனவே தண்டவாளத்தை மறைத்துவிட்டுத்தான் தெளிப்பார்கள். அங்கே ஸ்டீல் வெறுமையாக இருக்கும், எண்ணெயை நம்பி. குரோமுக்கும் நிக்கலுக்கும் இதே கணக்குச் சின்ன எண்களில். ஆக, ஃபினிஷ் கடைசியில் கேட்கும் கேள்வியே அல்ல. முதல் நாளே முடிவு செய்து, பொருத்துகிறவர் அதற்கு இடம் விட்டு இழைக்க வேண்டும். அந்த 30 கோட்டுச் செக்கரிங்கின் கூர்மையும் மணலடியில் மழுங்கும். பொருத்தி முடித்து, இழைத்து முடித்து, அப்புறம் அட்டவணையை நீட்டுவது வேலையின் வரிசையையே தலைகீழாக்குவது.

அட்டவணையில் வராத இன்னொன்று அடி உலோகம். 'ஸ்டெயின்லெஸ் எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லையே' என்று கேட்கலாம். ஸ்டெயின்லெஸ் என்றதும் நம் மனதில் வருவது எவர்சில்வர் தம்ளர். நல்ல எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஆனால் அதைச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது. துப்பாக்கிக்குக் கடினம் வேண்டும். அதனால் 416 போன்ற வகைகளைப் பயன்படுத்துகிறார்கள்: குரோமியம் 12 முதல் 14 சதவீதம், வெட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்த கந்தகம். அந்தக் கந்தகத் துணுக்குகள்தான் குழி தொடங்கும் இடங்கள். வியர்வையில் இதுவும் துருப்பிடிக்கும், மெதுவாக. ஸ்டெயின்லெஸ்மேல் ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு; 1970களின் பிற்பகுதியில் வந்த முதல் முழு ஸ்டெயின்லெஸ் 1911களுக்கு அந்தக் கெட்ட பெயர் வந்தது. இரண்டு பாகங்களுக்கும் கடினத்தை வித்தியாசமாக வைத்துப் பின்னால் சமாளித்தார்கள். இன்னும் ஒரு முடிச்சு: ஸ்டெயின்லெஸுக்கு நைட்ரைடிங் செய்தால் நைட்ரஜன் போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் வேறு வேலைக்குப் போய்விடும். கடினம் ஏறும், துருக்காவல் இறங்கும். இரண்டு நல்லதைக் கூட்டினால் இரட்டிப்பு நல்லது என்பது அட்டவணையின் கணக்கு. உலோகத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கட்டமே இல்லாத ஒரு செலவும் இருக்கிறது. அதை வாங்குபவர் கொடுப்பதில்லை. ஹார்டு குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம். அதன் நுண்துளிப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட விஷயம். கலிபோர்னியா காற்று வாரியம் 2023-ல் இதைப் படிப்படியாக நிறுத்தும் விதியைக் கொண்டுவந்தது. கடினக் குரோம் பட்டறைகளுக்குக் கெடு 2039. நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. ராணிப்பேட்டையில் ரசாயன ஆலை மூடி எத்தனையோ வருஷம் கழித்தும் குரோமியக் கழிவு மேடாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது. 'வாழ்நாள் முழுக்கத் தாங்கும்' என்று ஒரு பூச்சைப் புகழும்போது, தொட்டிப் பக்கம் நிற்கும் ஆளின் வாழ்நாளும் அந்த வாக்கியத்துக்குள் வர வேண்டும் என்பது என் கட்சி. நன்றாக நடத்தும் பட்டறைகள் இருக்கின்றன: புகை உறிஞ்சும் ஏற்பாடு, கழிவைச் சுத்திகரிக்கும் வசதி எல்லாம் வைத்து. வாங்குகிறவர் கடினம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

'சரிப்பா, கடைசியில் எதைத்தான் போடுவது?' என்றால், ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். தினமும் இடுப்பில் வைத்து, ஃப்ளோரிடா மாதிரி ஈர வெக்கையில் வேலை செய்கிறவருக்கு: முதல் நாளே அதற்கென்று ஸ்டீலும் டெம்பரும் தேர்ந்தெடுத்துச் செய்த கார்பன் ஸ்டீல் ஸ்லைடு, நைட்ரைடிங். மேலே நிறம் வேண்டுமானால் எதுவும் அடித்துக்கொள்ளட்டும், அது வெளுக்கும், வெளுக்கட்டும். போட்டியில் ஆயிரக்கணக்கில் சுட்டு, வீட்டுக்கு வந்ததும் துடைத்து வைக்கிறவருக்கு ஹார்டு குரோம் இன்னும் நல்ல தேர்வு, மேலே சொன்ன கேள்வியோடு. துடைப்பதையே ஒரு சந்தோஷமாக வைத்திருக்கிறவருக்கு நன்றாகப் பாலிஷ் செய்த புளூயிங். அட்டவணையில் கடைசி இடம் என்று அவர் கவலைப்பட வேண்டாம். ஏற்கெனவே குழி விழுந்த பழைய துப்பாக்கிக்கு பார்க்கரைஸிங், குழிகளையும் சேர்த்து மறைக்கும். நிக்கலை அலமாரிக்குச் சொல்வேன், இடுப்புக்குச் சொல்ல மாட்டேன்.

இத்தனை பேச்சும் ஸ்லைடையும் ஃபிரேமையும் பற்றித்தான். அட்டவணைக்கும் அவைதான் தெரியும், படத்தில் தெரிவது அவை என்பதால். துப்பாக்கி தேவைப்பட்ட நேரத்தில் அது வேலை செய்யாமல் நிற்பதற்கு வெளியே தெரியும் துரு காரணமாவது அபூர்வம். ஃபயரிங் பின் போகும் துளைக்குள் வழிந்து உறைந்த எண்ணெயும் துருவும், எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, மேகசினுக்குள் இருக்கும் ஸ்பிரிங் – கவனிக்க வேண்டியவை இவை. இவற்றில் பலவற்றுக்கு முலாம் போடுவதே ஆபத்து: அமிலக் குளியலிலும் முலாம் தொட்டியிலும் கடினமான ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, உடனே 190 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து வெளியேற்றாவிட்டால், ஸ்பிரிங் ஒருநாள் காரணமே இல்லாத மாதிரி முறியும். அதற்குப் பதில் சில டாலர் விலையுள்ள புது ஸ்பிரிங் வாங்கிப் போடலாம். பல ஆயிரம் டாலர் ஃபினிஷ் பேச்சு நடக்கும் இடத்தில் அந்தச் சில டாலர் ஸ்பிரிங்கை எப்போது மாற்றுவது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.